விளைச்சல் வைக்கும் அறையில் அந்துருண்டை எதற்கு?



வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு ஏற்காடு மலையேறியவன் நான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் போகும் பாதையில் மூன்று ஏக்கர் காபித் தோட்டம். பழைய அரபிகா செடிகள், நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, இடையில் கொஞ்சம் ஆரஞ்சும் பலாவும். வாங்கியபோது எல்லாம் அரை உயிரில் இருந்தது. ரசாயனம் எதுவும் போடுவதில்லை என்ற முடிவை முதல் நாளே எடுத்துவிட்டேன். ஆனால் அந்த முடிவு வயலோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. அது எனக்கு உறைக்க ஒரு வருட விளைச்சல் போக வேண்டியிருந்தது.

முதல் வருடப் பழத்தைப் பறித்து, பல்பரில் தோலுரித்து, ஊற வைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டு, பார்ச்மென்ட்டாக ஒன்பது மூட்டை கட்டினோம். எனக்கு ஒரே பெருமை. விலை ஏறட்டும் என்று வீட்டின் பின்னறையில் அடுக்கி வைத்தேன். வங்கிக்கு வந்த எத்தனை விவசாயிகளுக்கு, "அறுத்த உடனே விக்காதீங்க, கொஞ்சம் பொறுத்து வித்தா நாலு காசு பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பேன்! சொன்னதை நானே செய்து பார்க்கும் வாய்ப்பு.

பின்னறைக்கு எலி வந்தது. கடைத்தெருவில் ஒருவர் யோசனை சொன்னார். "அந்துருண்டை ரெண்டு பாக்கெட் வாங்கி நாலு மூலையிலயும் போடுங்க சார். மூட்டைக்கு நடுவுல ரெண்டு ரெண்டு செருகி விடுங்க. எலி, வண்டு ஒண்ணும் அண்டாது." ஏற்காட்டு ஈரத்துக்கு அந்துருண்டை இல்லாத வீடு கிடையாது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த கம்பளியில்கூடப் பூஞ்சணம் பூக்கும் ஊர் இது. அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. போட்டேன். கதவைச் சாத்தினேன். எலி என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வியாபாரி வந்தார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார், இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே திரும்ப மூட்டைக்குள் போட்டுவிட்டார். "சார், பெட்டித்துணி வாசம் அடிக்குதே!"

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்த வாசத்திலேயே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? அவர் போன பிறகு ஒரு கைப்பிடி எடுத்து, தோல் நீக்கி, வறுத்து, அரைத்து, டிக்காஷன் போட்டோம். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். வறுத்த வாசத்துக்கு அடியில் பழைய பட்டுப்புடவை வாசம்.

கதவோரம் இருந்த நான்கு மூட்டை ஓரளவு தப்பியது, குறைந்த விலைக்குப் போனது. உள்ளே இருந்த ஐந்து மூட்டையை மறுபடி களத்தில் கொட்டி ஒரு மாதம் காற்றாட விட்டேன். கையில் அள்ளினால் வாசம் குறைந்திருந்தது, குடித்தால் குறையவில்லை. பாதி விலைக்குக் கேட்ட ஒருவர் இருந்தார். நல்ல காபியில் கலந்து தள்ளிவிடுவார் என்று தெரிந்ததால் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து மூட்டையும் எருக்குழிக்குப் போனது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இதே பொருளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து உருகுநிலை கண்டுபிடித்து, 80 டிகிரி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவன். வங்கியில் சேர்ந்த பிறகு வட்டிக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. மறந்ததைத் திரும்பப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேனடையின் இரண்டு அறைகள்

அந்துருண்டையின் வேதிப்பெயர் நாப்தலீன். சில ஊரில் பாச்சை உருண்டை என்பார்கள். இது கிடைப்பது நிலக்கரித் தாரிலிருந்து. இரும்பு உருக்கக் கோக் கரி வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் படாமல் அடுப்பில் வைத்து வறுத்தால் கோக் மிஞ்சும், கூடவே எரிவாயுவும் கருந்தாரும் வெளியே வரும். அந்தத் தாரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நாப்தலீன். நம் சேலம் உருக்காலையில் கோக் அடுப்பு கிடையாது, அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலை. பிலாய், ரூர்கேலா, பொகாரோ போன்ற பெரிய இரும்பு ஆலைகளில்தான் இந்தத் தார் வடிகிறது.

1821ஆம் ஆண்டு ஜான் கிட் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயர் வைத்தார். 1826இல் மைக்கேல் ஃபாரடே இதில் கார்பனும் ஹைட்ரஜனும் என்ன அளவில் இருக்கின்றன என்று கண்டார். மின்சாரத்தில் நாம் படித்த அதே ஃபாரடேதான். கார்பன் அணு 10, ஹைட்ரஜன் அணு 8. அமைப்பு எப்படி என்றால், தேனடையைப் பாருங்கள். ஆறு பக்கம் கொண்ட இரண்டு அறைகள், நடுவில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். நாப்தலீன் அப்படித்தான். இப்படி வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்களைப் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் என்பார்கள். பாடநூலில் 'நறுமண' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். அந்த நறுமணத்துக்குத்தான் என் ஐந்து மூட்டை போனது.

இந்தக் குடும்பத்தில் நாப்தலீன்தான் கடைக்குட்டி. மூன்று வளையம் சேர்ந்தால் ஆந்த்ரசீன். ஐந்து வளையம் சேர்ந்த பென்சோபைரீன் புகையிலும் கரியிலும் சிகரெட்டிலும் இருப்பது, மனிதனுக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதி செய்யப்பட்டது. பெரிய வளையக்காரர்கள் கனமானவர்கள், சாதாரண வெயிலில் ஆவியாக மாட்டார்கள், புகைக்கரியில் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். கடைக்குட்டி பறக்கும். (இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மலையில் ராகியைத் தார் ரோட்டில் காயப்போடுகிறோம். இப்போது ரோட்டுக்குப் போடுவது நிலக்கரித் தார் இல்லை, பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் பிட்டுமன். ஆனாலும் வண்டிப் புகைக்கரியும் டயர்த் தூளும் அதன் மேல்தான் படிகின்றன. ஒரு தார்ப்பாயாவது விரித்துக்கொள்ளுங்கள்.)

பறப்பது என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பனிக்கட்டி உருகித் தண்ணீராகி, பிறகு ஆவியாகும். நாப்தலீனுக்கு அந்த இடைநிலை தேவையில்லை, கட்டியாக இருந்தபடியே ஆவியாகும். பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கற்பூரம் திறந்து வைத்தால் கரைந்து போவதும் இதுதான். பெட்டியில் போட்ட உருண்டை ஆறு மாதத்தில் பட்டாணி அளவாகிறதே, மீதி எங்கே போனது? துணிக்குள் போனது, நம் மூச்சுக்குள் போனது. வாசம் என்பது அந்தப் பொருளின் நிழல் இல்லை, அந்தப் பொருளேதான். வாசம் வருகிறது என்றால் அது உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அடுத்த குணம்தான் என் காபியைக் கெடுத்தது. நாப்தலீன் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுதான். ஆனால் எண்ணெயில், கொழுப்பில் நன்றாகக் கரையும். தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்து வைத்தால் எண்ணெய்ப் பக்கம் ஆயிரம் மடங்குக்கு மேல் போய்ச் சேரும். அரபிகா காபிக் கொட்டையில் ஏறக்குறைய 15 சதவீதம் எண்ணெய். மூடிய அறை, எண்ணெய் உள்ள கொட்டை, இரண்டு மாதம். வேறு என்ன வேண்டும்? களத்தில் காற்றாட விட்டபோது மேலே ஒட்டியது போனது, எண்ணெய்க்குள் இறங்கியது அங்கேயே இருந்துவிட்டது. காபிக்குச் சொன்னது நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் கொப்பரைக்கும் முந்திரிக்கும் பொருந்தும்.

சரி, எலியாவது போனதா என்றால், அதுவும் இல்லை. அந்துப்பூச்சியைக் கொல்ல வேண்டுமென்றால் இறுக மூடிய பெட்டிக்குள் இந்த ஆவி அடர்த்தியாகச் சேர வேண்டும். ஓட்டு இடுக்கில் காற்று புகும் அறையில் அது நடக்காது. எலி விலகாது, பாம்பும் விலகாது. விளைச்சலுக்கு மட்டும் வாசம் ஏறும். அதாவது செலவு உண்டு, வரவு கிடையாது. இந்தக் கணக்கு வங்கிக்காரனான எனக்கே தெரியவில்லை.

கடையில் வாங்கியது எது?

வெள்ளை உருண்டை எல்லாம் நாப்தலீன் என்று நினைக்க வேண்டாம். கழிப்பறையில் போடும் உருண்டை பெரும்பாலும் பாரா டைக்குளோரோ பென்சீன் என்ற வேறு பொருள், குளோரின் சேர்ந்தது. கற்பூரம் மூன்றாவது. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், இன்னொரு டம்ளரில் உப்பைப் போட்டுப் போட்டு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, அதில் போடுங்கள். உப்புத் தண்ணீரில் மிதந்தால் நாப்தலீன். அதிலும் மூழ்கினால் பாரா டைக்குளோரோ பென்சீன். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல பாடம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அவுரியை விழுங்கிய உருண்டை

பெட்டியில் போடுவது நாப்தலீனின் சில்லறை வேலைதான். அதன் மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது. அதில் உழவனுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

நீலச் சாயத்துக்கு ஒரு காலத்தில் உலகமே இந்திய அவுரிச் செடியை நம்பியிருந்தது. பீகாரிலும் வங்காளத்திலும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதைக் கட்டாயமாகப் பயிரிட வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் தென்னார்க்காடு, கடப்பைப் பக்கம் அவுரி விளைந்தது. ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இந்த நீலத்தைத் தொழிற்சாலையில் செய்யப் பல வருடம் பெரும் பணம் கொட்டியது. தொடக்கப் பொருளாக அவர்கள் எடுத்தது நிலக்கரித் தாரில் மலிவாகக் கிடைத்த நாப்தலீன். அதை தாலிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளாக மாற்றும் முதல் படியே சரியாக ஓடவில்லை. ஒருநாள் சோதனையில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்துவிட்டது. அன்றைக்குத்தான் வேலை வேகமாக நடந்தது. பாதரசம்தான் ஊக்கி என்று அப்படித் தெரிந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அடுத்த பதினைந்து வருடத்தில் இந்திய அவுரி ஏற்றுமதி சரிந்து விழுந்தது.

சம்பாரணில் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற 'தீன்கதியா' முறை. செயற்கை நீலம் வந்து அவுரி விலை போகாமல் ஆனதும் தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? "அவுரியிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்குப் பதில் குத்தகையை ஏற்றிக் கொடு" என்றார்கள். நட்டத்தைக் கீழே தள்ளிவிட்டார்கள். அந்தச் சுமையில் நொந்த உழவர்கள் அழைத்துத்தான் 1917இல் காந்தி அங்கே போனார். 1918இல் சம்பாரண் வேளாண் சட்டம் வந்து தீன்கதியா ஒழிந்தது. ஜெர்மனியில் ஒரு வெப்பமானி உடைந்ததும், பீகாரில் குடியானவனுக்குக் குத்தகை ஏறியதும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள் என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டாய அவுரி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவுரி பயறு வகைக் குடும்பம். காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணுக்கு இழுத்துத் தரும், சாயம் எடுத்தபின் மிஞ்சும் தழையும் எருவாகும். தாரிலிருந்து வந்த நீலம் மண்ணுக்கு எதையும் தரவில்லை. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சிலர் இன்றும் அவுரி போட்டு நீலம் எடுக்கிறார்கள். இயற்கைச் சாயத்துக்குத் தேவை திரும்பியிருக்கிறது.

அந்த தாலிக் அன்ஹைட்ரைடு இன்றும் பெரிய தொழில். பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி செய்யும் எண்ணெய்களும், பெயின்ட்டுக்கான பிசினும் அதிலிருந்து வருகின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வளையும் ஹோஸில் இது உண்டு, விறைப்பான பைப்பில் இல்லை. இப்போது இந்தியாவில் இதைப் பெரும்பாலும் ஆர்த்தோ சைலீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்கிறார்கள். ராணிப்பேட்டையில் திருமலை கெமிக்கல்ஸ் செய்வதும் அப்படித்தான். கைத்தறிக்காரர்கள் 'நாப்தால் சாயம்' என்பார்களே, அது நாப்தலீன் வழி வந்தது. கந்தக அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் பொருள்கள் தோல் பதனிடவும், கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைத்துக் கலவையை இளக்கவும், பூச்சிமருந்துப் பொடி தண்ணீரில் படியாமல் பரவி நிற்கவும் பயன்படுகின்றன.

நாப்தைல் அசிட்டிக் அமிலம் என்ற பயிர் ஊக்கியும் இதன் பிள்ளைதான். மா, மிளகாய், பருத்தியில் பூவும் பிஞ்சும் கொட்டாமல் இருக்க அடிக்கிறார்களே, அது. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு என்ற மிகச் சிறிய அளவில் வேலை செய்வது. இதைப் பெரிய விஷம் என்று நான் பயம் காட்ட மாட்டேன். ஆனால் தொழிற்சாலையில் செய்தது, இயற்கை வேளாண்மையில் இதற்கு இடமில்லை.

செவின் பவுடர்

ஊக்கியைவிட எனக்கு நெருக்கமான கணக்கு இது. நாப்தலீனிலிருந்து 1-நாப்தால். அதோடு மெத்தில் ஐசோசயனேட் சேர்த்தால் கார்பரில். கடைப்பெயர் செவின். என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பருத்திக் காய்ப்புழுவிலிருந்து அடுப்படி எறும்பு வரைக்கும் செவின் பவுடர்தான் தூவுவார்கள். அதைச் செய்த ஆலைதான் போபால் யூனியன் கார்பைடு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து அந்த ஆலையிலிருந்து கசிந்த ஏறக்குறைய 40 டன் வாயு, நாப்தலீனும் இல்லை, நாப்தாலும் இல்லை, மெத்தில் ஐசோசயனேட். அரசு கணக்கே ஆயிரக்கணக்கான உயிர் என்கிறது. அந்த வாயுவை அங்கே சேமித்து வைத்த காரணம், நம் வயலுக்கு ஒரு பவுடர் வேண்டும் என்பதுதான்.

கார்பரிலுக்கு இந்தியாவில் முழுத் தடை வந்தது 2018 ஆகஸ்டில். போபாலுக்குப் பிறகு முப்பத்து நான்கு வருடம். நான் வங்கியில் இருந்த அதே முப்பத்து நான்கு. பயிர்க்கடன் கணக்குத் தாளில் விதை, உரம், கூலி, பூச்சிமருந்து என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். மருந்து வரியில் தொகை குறைவாக இருந்தால், "ஏன் குறைச்சலா போட்டிருக்கீங்க, பயிர் போச்சுன்னா?" என்று நானே கேட்டு ஏற்றிப் போட்டிருக்கிறேன். 2025 ஜனவரியில்தான் அந்த ஆலையில் கிடந்த 337 டன் கழிவை லாரிகளில் ஏற்றி எரிப்பதற்காகப் பீதம்பூர் கொண்டுபோனார்கள். அதில் செவின் கழிவும் இருந்தது, நாப்தால் கழிவும் இருந்தது. தொலைக்காட்சியில் அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தென்னங்குருத்தில் வைக்கலாமா?

இந்தக் கேள்வி சமவெளி நண்பர்கள் நிறையப் பேர் கேட்பது. காண்டாமிருக வண்டுக்குக் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் 3.5 கிராம் அந்துருண்டை மூன்று, 45 நாளுக்கு ஒரு முறை வைக்கச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைதான். பொய் இல்லை, வண்டும் ஓரளவு விலகும். ஆனால் இயற்கைச் சான்றிதழ் வேண்டும் என்பவர் இதை வைக்க முடியாது. அதே பல்கலைக்கழகம் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் அதே இடுக்கில் வைக்கவும் சொல்கிறது. கூடவே ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்த பானையைத் தோப்பில் வைத்து வண்டைப் பிடிக்கலாம். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் விட்டால் புழுவிலேயே முடிந்துவிடும். வண்டு பிறப்பதே எருக்குழியில்தானே. மேலே உருண்டை வைத்துக்கொண்டு கீழே குழியைக் கவனிக்காமல் விட்டால் எத்தனை உருண்டை வைத்தாலும் தீராது.

எருக்குழி என்றதும், என் ஐந்து மூட்டை அங்கே போனதே, மண் கெட்டுவிடாதா என்று கேட்டீர்களானால், நானும் அப்படித்தான் பயந்தேன். படித்தபோது நிம்மதி கிடைத்தது. காற்றோட்டமும் ஈரமும் உள்ள மண்ணில் நாப்தலீன் நிலைப்பதில்லை. நாம் வேர் அழுகலுக்குப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் இருக்கிறதே, அந்த வகைப் பாக்டீரியாவில் சில இதையே உணவாகத் தின்னும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற இந்திய விஞ்ஞானி, கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்னும் என்று உருவாக்கி 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய்க் காப்புரிமை வாங்கிய பாக்டீரியாவும் சூடோமோனாஸ்தான். நாப்தலீனைத் தின்னும் திறன் அதற்குக் கொடுத்த திறன்களில் ஒன்று. உயிருள்ள மண் சமாளித்துக்கொள்ளும். மூடிய அறையும் மூடிய பெட்டியும் சமாளிக்காது.

பேரனுக்கு எடுத்த கம்பளி

காபி போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருடம் மகள் பிரசவத்துக்கு வந்தாள். மார்கழிக் குளிர். மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, எங்கள் பிள்ளைகளைச் சுற்றி வளர்த்த சின்னக் கம்பளியை எடுத்தாள். குப்பென்று வாசம். அதற்குள் நான் படித்திருந்ததால், வேண்டாம் என்றேன்.

"நம்ம பிள்ளைங்களை இதுலதானே சுத்தி வளர்த்தோம்? அதுங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருக்கு இரத்தச் சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். மலேரியா அதிகம் இருந்த நாடுகளில் இந்தக் குறை கூடுதல், இந்தியாவிலும் உண்டு. பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணு உடையும், மஞ்சள் காமாலை ஏறும், கடுமையானால் மூளையைத் தாக்கும். 1963இல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். யாரும் எதையும் விழுங்கவில்லை, வீட்டில் இருந்த துணி, போர்வை வழியாக வந்த ஆவி. இரண்டு குழந்தைகள் இறந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் நாப்தலீனை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் அந்துருண்டையாக விற்பதை நிறுத்தியது.

குழந்தை தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாலோ எண்ணெயோ கொடுக்க வேண்டாம், கொழுப்பில் கரைந்து உடம்பில் வேகமாக ஏறும். மீதி உருண்டையையும் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்கு நன்றாக இருந்தாலும், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மறுபடி ஓடுங்கள்.

கம்பளியை மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்தாள். சேலத்திலிருந்து புதிதாகப் பருத்திப் போர்வை வாங்கி வரச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது என்ன செய்கிறேன்

பக்கத்துக் கிராமத்தில் மலையாளி இனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் சாமையும் தினையும் வருடம் முழுக்க இருக்கும், ஒரு உருண்டை கிடையாது. எப்படிங்கய்யா என்று கேட்டேன். "காயணும் சார், நல்லா காயணும். காய்ஞ்சதுல எந்தப் பூச்சி பல்லு வைக்கும்?" என்றார். அவ்வளவுதான் ரகசியம். கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும். விதைக்கு வைப்பதில் அடுப்புச் சாம்பலும் நொச்சி இலையும் போடுகிறார். துவரை, அவரை விதைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கிறார். சோளக்கதிரை அடுப்புக்கு மேல் பரணில் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. விதைக்கு அது சரி. சாப்பிடும் தானியத்துக்கு அதை நான் செய்வதில்லை. அந்தப் புகைக்கரியில்தான் முன்னே சொன்ன ஐந்து வளையக்காரர் இருக்கிறார்.

காபியை ஈரம் 11 சதவீதத்துக்கு வரும்வரை காயவிட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குகிறேன். எலிக்கு ஜன்னலில் கம்பி வலையும் கதவடியில் தகரமும் அடித்தேன். ஒரு நாள் தச்சுக்கூலி, இரண்டு பாக்கெட் உருண்டையைவிட அதிகம்தான். மண்ணெண்ணெய், பெயின்ட், பூண்டு, ஊதுபத்தி எதுவும் அந்த அறைக்குள் போவதில்லை. துணிப் பெட்டிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து போடுகிறோம். மாதம் ஒரு முறை வெயில் வரும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறுகிறோம். ஏற்காட்டில் வெயில் வரும் நாள் என்பதுதான் கொஞ்சம் சிரமம். பழைய பட்டுப்புடவைகளுக்கு மட்டும் மனைவி இன்னும் உருண்டையை விடவில்லை. அந்தப் பெட்டி தனி அறையில், குழந்தை போகாத இடத்தில் இருக்கிறது.

பழைய பின்னறைக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலைத் திறந்தே வைத்தேன். இரண்டு மழைக்காலம் ஆனது வாசம் போக. இப்போது அங்கே மண்வெட்டி, கவாத்துக் கத்தி, பழக் கூடைகள் வைத்திருக்கிறேன். காபி முன்னறையில் இருக்கிறது. நாங்கள்தான் திண்ணைப் பக்கம் நகர்ந்துகொண்டோம். போன தை மாதம் அதே வியாபாரி வந்தார். ஒரு பிடி அள்ளினார், தேய்த்தார், மோந்து பார்த்தார், இன்னொரு மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னார். பிறகு தராசை இறக்கச் சொல்லிப் பையனிடம் கை காட்டினார்.